சம்பந்திக்காக அடித்த மஞ்சள்

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் எங்கள் பக்கத்து முறை. கட்டுச்சோறு கொண்டுபோன வேனிலேயே பெண்ணை ஜன்னலோரமாக உட்காரவைத்து, மடியில் ஒரு தலையணையும் கொடுத்து, மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டே வருவோம். நாங்கள் அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்குக் காலி அண்டாக்களை ஏற்றிக்கொண்டு வந்தோம். பெண் வரவில்லை. அனுப்பவில்லை.

அனுப்பாதவர் என் மகளின் மாமியார். சபையில் வைத்தே சொன்னார்.

"சம்பந்தி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைத்தான் சொல்லப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பொங்கலுக்கு வந்தப்ப பாத்தேன். அந்த ரூமு செவுரு பூரா கரி. சாஞ்சா பொடவையில ஒட்டுது. அதுல போயி எம் பேரப்புள்ளயப் படுக்க வெப்பீங்களா? மூச்சு முட்டாது? மொதல்ல செவுத்தப் பாருங்க. அப்புறமா வந்து பொண்ணக் கூட்டினு போங்க."

"எப்பங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு அப்போதும் கோபம் வரவில்லை. நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் மூட்டை தூக்குகிற மனிதர். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் கீழே பார்த்தபடி நடந்துவிடுவார்.

"ஏழு முடியறதுக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா கூட்டினு போங்க. எட்டுல எடம் மாத்தக் கூடாது, ஒங்களுக்குத் தெரியாததா? ஒம்போதுல பஸ்ஸு, காருன்னு அலைய வேணாம். அப்ப இங்கியே பாத்துக்கறோம்."

பந்தி பரிமாற நின்றிருந்த ஒருத்தி, "அவங்க சொல்றதும் ஞாயந்தான" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மனையில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரிக்கவில்லை. தட்டுக்கு அடியில் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை நான் கிளம்பும்போது விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அன்று காலையிலேயே ஒன்று நடந்திருந்தது. வளைகாப்புக்கென்று நான் எடுத்துப் போனது மாம்பழ மஞ்சள் புடவை. உள்ளே போய்ப் பார்த்தால் மகள் வெளுத்த ரோஸ் கலரில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மாமியார் என் தோளில் கைபோட்டு, "மஞ்ச எதுக்கு சம்பந்தி எடுத்தீங்க? நம்ம பொண்ணு நெறத்துக்கு அது எடுக்காதே" என்றார். அதாவது கறுப்பு என்று சொல்லாமல் சொன்னார். குறை சொல்லும்போது மட்டும் நம்ம பொண்ணு.

வேன் எங்கள் தெருவில் நின்றதும் எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள். ஆரத்தித் தட்டே கரைத்து வைத்திருந்தாள் பாவி.

"இன்னாக்கா, பொண்ணு எங்க?"

"மாப்ளைக்கு லீவு கெடைக்கல. அடுத்த வாரம் வரும்."

"மாப்ள லீவு போட்டாத்தான் பொண்ணு புள்ள பெக்குமா?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். நான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஆரத்தித் தண்ணீரை அவள் என்ன செய்தாள் என்று தெரியாது.

நான் ஏழாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று எனக்குப் பெயர். சிலிண்டர் மூடினேனா என்று பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து பார்ப்பேன். மகள் போனை எடுக்காவிட்டால் மயங்கி விழுந்துவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப்பட்டவளுக்கு, தலைச்சன் பிள்ளையை மகள் என் கண் படாத இடத்தில் பெறப்போகிறாள் என்றால் எப்படி இருக்கும்? அங்கே வலி எடுத்தால் சொல்வாளா, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாளா? பசித்தால் கேட்பாளா? கேட்க மாட்டாள். என்னைப் போல வாய் இல்லாதவள்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மேல் அன்று இன்னொன்றும் உட்கார்ந்துகொண்டது. பழி. அந்த அம்மாள் அதே அறையில் வந்து நின்று, குறை சொல்ல வாய் திறந்து, சொல்ல ஒன்றுமில்லாமல் வாயை மூட வேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அறையை அழகாக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததே இல்லை. இப்போதும் அழகுக்காகச் செய்யவில்லை.

சுவர் கரி என்றது பொய்யில்லை. அதுதான் என்னை அதிகமாக எரித்தது. காஸ் வருவதற்கு முன்னால் அந்த அறைதான் சமையலறை. விறகும் வேர்க்கடலைத் தோலும் எரித்த அடுப்பு. புகை ஏறி ஏறி மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி பழைய சுண்ணாம்பு நீலம். அடுப்பை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டோம். சுவரை யாரும் பார்க்கவில்லை. மகள் அதில் படுத்துதான் பன்னிரண்டாவது வரை படித்தாள்.

பெயிண்டருக்குச் சொல்லட்டுமா என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். இந்தச் சுவரை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

முதல் தடவை நான் செய்தது முட்டாள்தனம். மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது என்பார்கள். சுரண்டினால் பிள்ளைக்கு மறு விழும், உதடு பிளக்கும் என்று என்னென்னவோ சொல்வார்கள். அதை நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. நம்பாமல் இருக்க தைரியம் இல்லை. ஆகவே கரியைச் சுரண்டாமல், துடைப்பத்தால் ஒட்டடை மட்டும் தட்டிவிட்டு, அதன் மேலேயே வெள்ளை டிஸ்டம்பரைக் குழைத்து அடித்தேன். ஈரமாக இருக்கும்போது ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சென்று இருந்தது. காய்ந்ததும் கரி உள்ளிருந்து மேலே வந்தது. டீ கொட்டின வேட்டி மாதிரி சுவர் முழுக்கப் பழுப்புத் திட்டு. ஃபேன் போட்டால் கீழ்ப்பாதியில் சுண்ணாம்பும் டிஸ்டம்பருமாக அப்பளம் அப்பளமாக உரிந்து கட்டிலில் விழுந்தது.

வீட்டுக்காரர் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது, ஒஞ் சம்பந்தி மாதிரி மேல வெள்ளயும் உள்ள கரியுமா இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. இது சகுனமோ?

"சொரண்டாம நிக்காதுடி" என்றார்.

"சொரண்டக் கூடாதுங்க."

"பொண்ணு இங்க இல்லியே. அங்கதான கீது?"

"பொண்ணு எங்க இருந்தா இன்னா? வயித்துல இருக்கிறது நம்ம பேரப்புள்ள இல்லியா?"

"அப்ப அவங்க வூட்ல மேல ரெண்டு ரூமு கட்டிக்கினு கீறாங்களே, டமால் டமால்னு ஒடைக்கிறாங்களே, அது யாரு பேரப்புள்ள?"

ஆனாலும் சுரண்டவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. மகள் போனில், "எப்பம்மா முடியும்?" என்பாள். பின்னால் மாமியார் குரல் கேட்டதும், "சாப்ட்டேம்மா, நல்லா கீறேம்மா" என்று பேச்சை மாற்றுவாள்.

ஒரு நாள் அந்த அம்மாளே கூப்பிட்டார்.

"இன்னா சம்பந்தி, வேல முடிஞ்சிதா?"

உள்ளதைச் சொல்லிவிட்டேன். கரி மேலே வருகிறது, சுரண்டினால்தான் நிற்கும், பெண் மாசமாக இருக்கும்போது சுரண்ட யோசனையாக இருக்கிறது என்றேன். பெரியவர், ஒரு வழி சொல்வார் என்று பார்த்தேன்.

அவர் சிரித்தார். போனில் அந்தச் சிரிப்பு காதுக்குள்ளேயே உட்கார்ந்து சிரிப்பது மாதிரி இருந்தது.

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தி? அவ இப்ப எங்க வூட்டுப் பொண்ணு. அங்க நீங்க இடிச்சாலும் ஒடச்சாலும் அவளுக்கு இன்னா ஆவப்போவுது? நல்ல சாக்கு புடிச்சீங்க போங்க."

போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கும்போது சட்டென்று தண்ணீர் தெளித்தால் அடங்குமே, அப்படி உள்ளே ஒன்று அடங்கியது. அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இந்தச் சுவருக்கும் என் மகள் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை. தோஷம் வந்தால் சொன்ன வாய்க்கு வரட்டும்.

அன்று மதியமே பட்டித் தகடு வாங்கி வந்து சுரண்ட ஆரம்பித்தேன். எப்படிச் சுரண்டினேன் என்று சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, தகட்டை அடியில் கொடுத்து ஒரு தள்ளு. வார்த்தை வார்த்தையாக அவர் சபையில் சொன்னதைச் சொல்லிக்கொண்டே தள்ளினேன். "சாஞ்சா பொடவையில ஒட்டுது" ஒரு தள்ளு. "நெறத்துக்கு எடுக்காதே" ஒரு தள்ளு. கரி தலையில் கொட்டியது, மூக்கில் ஏறியது, எச்சில் கறுப்பாக வந்தது. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். மேல்பாதி அவருடையது, கீழ்ப்பாதி என்னுடையது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்து, அதன் மேல் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்தோம். சுவரைத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த வீட்டில் அப்படி ஒரு சுவரை நான் தொட்டதில்லை.

அடுத்து கலர். காந்தி பஜாரில் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் கலர் அட்டையை விரித்து வைத்தார். கீழே பெயரெல்லாம் இங்கிலீஷில். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"பெட்ரூமாம்மா? லேவண்டர் எடுத்துக்கங்க. இப்ப எல்லாரும் அதான்."

லேவண்டர் என் சம்பந்தி வீட்டு ஹால். திருவண்ணாமலையிலிருந்து ஆள் வந்து கலர் சொன்னான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

"அது வேணாம். மாம்பழ மஞ்ச இருக்குதா?"

"அது கொஞ்சம் அடிக்கிற மாதிரி இருக்கும்மா. நாலு செவுத்துக்கும் அடிச்சா கண்ணு கூசும்."

"அடிக்கட்டும். அதுக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடையை விட்டு வருவதற்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மிஷினில் கலந்த கலரைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் சின்ன டப்பா ஒன்று மட்டும் வாங்கி வந்து, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு தட்டு அகலத்துக்கு அடித்துப் பார்த்தேன்.

காலையில் நன்றாக இருந்தது. மதியத்துக்கு மேல்தான் வினை. எங்கள் ஜன்னலுக்கு எதிரே பாறை. வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் அறைக்குள் செம்மண் நிறத்தில் விழும். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் காவி மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி டியூப் லைட்டில் பச்சை ஏறினாற்போல வெளுத்தது. இன்னும் வெளிர் மஞ்சளாக ஒன்று, சிவப்பு கம்மியாக ஒன்று என்று கலந்து வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் அடித்தேன். தெருப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, ஸ்கூலு செவுரு மாதிரி மேப்பு வரையுறீங்களா?" என்றன. கடைசியில் சிவப்பு கம்மியாக இருந்ததுதான் பாறை வெயிலுக்கு நின்றது. மதியம் அதில் வெளிச்சம் விழும்போது நல்ல மல்கோவாவை நறுக்கி வைத்தாற்போல இருந்தது.

கண் கூசும் என்று கடைக்காரர் சொன்னது மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள். மற்ற மூன்றுக்கும் பால் வெள்ளை. மேலே தளத்துக்கும் வெள்ளை. தளம் வெள்ளையானதும் அறை ஒரு முழம் உயர்ந்துவிட்டது மாதிரி இருந்தது. ஜன்னல் பெரிதாகிவிட்டதோ என்று வீட்டுக்காரர் அளந்தே பார்த்தார். இரும்புக் கட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதற்கும் வெள்ளை அடித்தேன். ஆணி அடிக்காமல் ஜன்னல் கம்பியிலேயே கயிறு கட்டி, என் பழைய கறுப்புச் சுங்குடிப் புடவையைக் கிழித்துத் திரைச்சீலை தைத்துப் போட்டேன். மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு எடுப்பாக இருந்தது. கறுப்பு எடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

முடிந்ததும் நானே கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக இருந்தது. சந்தோஷப்படலாம். நான் என்ன செய்தேன் என்றால், அந்த அம்மாள் எங்கே நிற்பார், முதலில் எந்த மூலையைப் பார்ப்பார், எங்கே விரல் வைத்துத் தேய்ப்பார் என்று ஒவ்வோர் இடமாகப் போய் நின்று பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு இடத்தில் ரோலர் படாமல் விட்டிருந்தது. அதையும் அடித்தேன்.

ஏழாவது மாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. சொல்லி அனுப்பினேன். காரில் வந்தார்கள். மாமியாரும் என் மகளும் மட்டும். மாப்பிள்ளைக்கு நிஜமாகவே லீவு இல்லை.

எதிர்வீட்டுக்காரி கூப்பிடாமலே வந்து நின்றாள்.

அந்த அம்மாள் அறை வாசலில் வந்து நின்றார். நான் நினைத்த இடத்தில்தான் நின்றார். சுவரைப் பார்த்தார். தளத்தைப் பார்த்தார். கதவைத் தள்ளிப் பின்னால் பார்த்தார். விரலால் தேய்த்து விரலைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். இத்தனை நாள் எதற்காகக் கரி தின்றேனோ அதைப் பார்த்துவிட்டேன். அது ரொம்ப நேரம் இல்லை. ஆனால் நல்ல ருசி.

அதற்குள் என் மகள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் சுவரில் தலை சாய்த்தாள். இழைத்து எண்ணெய் தேய்த்த மரம் மாதிரி ஒரு மினுமினுப்பு அவளுடைய நிறத்தில். எதிர்வீட்டுக்காரி, "அம்மாடி, எவ்ளோ அழகா கீறா பாரு!" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியமாக.

மாமியார் ஆழ மூச்சு இழுத்தார். மூக்கைச் சுளித்தார்.

"வாசன அடிக்குதே சம்பந்தி."

இதை நான் நினைக்காமல் இல்லை. ஒரு வாரமாகக் கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, மூலைக்கு மூலை வெங்காயம் நறுக்கிப் போட்ட தண்ணீர் வைத்து, ஃபேனை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தேன். இருந்தும் லேசாக இருந்தது. கட்டில் பெயிண்ட்.

"மாசமா இருக்கிறவளுக்கு இது ஆவாது. தல சுத்தும், வாந்தி வரும். புள்ளைக்கு ஏதாவது ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? அழகாத்தான் பண்ணிக் கீறீங்க, இல்லேங்கல. ஆனா இன்னிக்கு வேணாம். எழுந்திரும்மா, போலாம்."

இன்றைக்கு இல்லை என்றால் எட்டு. எட்டு என்றால் இல்லவே இல்லை. நான் என் கையாலேயே அவருக்குச் சாக்கு அடித்துக் கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"எழுந்திரும்மா."

என் மகள் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு மெதுவாக, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து, ஒருக்களித்துப் படுத்தாள். மஞ்சள் சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி.

"கால் வீங்கிக் கீது அத்த. என்னால இப்ப எழ முடியாது."

"கார்லதான போறோம்?"

"கார்ல குலுக்குது அத்த. கட்டில் குலுக்கல."

அவ்வளவுதான் பேசினாள். என் வாய் இல்லாத மகள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன், மகளைக் கண்டிப்பேன் என்று. நான் நகர்ந்து போய்க் காபி கலந்தேன். நிதானமாகக் கலந்தேன். திரும்பி வந்தபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள். மாமியார் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபியைக் குடித்தார். டிரைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தான், வழியில் ரோட்டு வேலை நடக்கிறது, இருட்டினால் கஷ்டம் என்றான். எழுந்தார்.

வாசல் வரை கூடவே போனேன். மரியாதையில் குறை வைக்கவில்லை. வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி. காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். முதல் தடவையாக அவர் குரல் அனுமதி கேட்கிற குரலாக இருந்தது.

"நான் எப்ப வந்து பாக்கட்டும் சம்பந்தி?"

"வாசன போவட்டும் சம்பந்தி. ஒங்களுக்கு ஒத்துக்காது. சொல்லி அனுப்பறேன்."

எதிர்வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வாசனை அந்த வாரத்துக்குள்ளேயே போய்விட்டது. நான் சொல்லி அனுப்பவில்லை. எட்டு போயிற்று. தப்பு செய்கிறோமோ, மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று தினமும் பத்துக் கவலை வரும். பத்தையும் பட்டுவிட்டு, அப்படியும் போனை எடுக்க மாட்டேன். ஒன்பது பிறந்ததும் ஒரு நாள், கட்டிலில் சாய்ந்து மாதுளம்பழம் தின்றுகொண்டே மகள் கேட்டாள்.

"அத்தைக்குச் சொல்லிட்டியாம்மா?"

"இன்னும் வாசன இருக்குதுடி."

அவள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "லேசா இருக்குது."